பதினேழாம் எண் டோக்கன்

என் மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு பித்தளை வட்டம் கிடக்கிறது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. ஆணியில் மாட்டுவதற்காக மேல் விளிம்பில் ஒரு துளை. நடுவில் உளியால் வெட்டிய பதினேழு என்ற எண். ஷார்ஜாவில், முவைலா பகுதியில், என் மகனுடைய வாடகை வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறை இது. விமான நிலையம் தூரமில்லை. விமானம் எழும்பும்போது முதலில் ஜன்னல் அதிரும், பிறகு மேசைக் கண்ணாடி, கடைசியாக இந்தப் பித்தளை. கொசு காதருகே வந்து போவதுபோல ஒரு சன்ன ஓசை அதிலிருந்து வரும். மருமகள் மேசையைத் துடைக்கும்போது இதை இடம் மாற்றி வைத்துவிடுகிறாள். நான் தேடி எடுத்துத் திரும்ப வைப்பேன். இந்த வாரத்தில் மூன்று முறை. இன்று காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் இருபத்தாறு விமானங்கள் எழும்பின. இருபத்தாறு முறையும் அந்த ஓசை எனக்குக் கேட்டது. எழுபத்து மூன்று வயதில் முழங்கால் போய்விட்டது, பற்களில் பதினொன்று போய்விட்டன, உறக்கம் போய்விட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் காதை யாராவது பாராட்டினால் எனக்கு அந்த வெல்டர் நினைவுக்கு வருகிறார்.

அப்போது நான் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் ஸ்டோர் கீப்பர். கணிதம் படித்தவன். ஊரில் வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து அலுத்து, வளைகுடாவுக்கு வந்து, முப்பத்தோரு ஆண்டுகள் நட்டும் போல்ட்டும் எண்ணியவன். பட்டறை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். கடலோர ஊர்க்காரர். பழைய இரும்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில், பறந்து ஓய்ந்த விமானங்களைப் பிரிக்கும் இடங்களிலிருந்து ஜெட் எஞ்சின்களை வாங்கத் தொடங்கினார். வானத்தில் ஓடத் தகுதியில்லை என்று எழுதித் தள்ளிய எஞ்சின் தரையில் நன்றாகவே ஓடும். அதை ஒரு பழைய ராணுவ லாரியின் முதுகில் ஏற்றி, நெருப்புக் காற்று வெளியேறும் வாயில் தட்டையான ஓர் உலோக மூக்கைப் பொருத்தித் தரையைப் பார்த்துத் திருப்பிவிட்டால், குளிர்நாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையில் கெட்டிப்பட்ட பனிக்கட்டியை உருக்கிப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிடும். உப்பையும் மருந்தையும் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. என் காலத்தில் இப்படி ஒன்பது லாரிகள் கப்பல் ஏறின. அவற்றைச் செய்தவர்கள் முப்பத்தொரு பேர். தரையில் பனிக்கட்டி உறைந்து கிடப்பதைக் கண்ணால் கண்டவர் அவர்களில் ஒருவரும் இல்லை. “காப்பிக்குச் சுடுதண்ணி போடுற கெட்டில நாலு வாங்கி அனுப்புனா ஆகாதா, இதுக்குப் போயி ஏரோப்ளேன உரிக்கணுமா?” என்று கிரேன் ஓட்டுகிறவர் மெஸ்ஸில் கேட்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அவர் வாயைத் திறந்தால் இருபது பேராவது சிரிப்பார்கள். சில சமயம் நானும்.

வெல்டர் ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையை நம்பிய ஒரு கிராமத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். மனைவி, ஒரே பெண் குழந்தை, பதினோரு ஆண்டு வளைகுடா. அந்த உலோக மூக்கின் வெல்டிங் தையல் முழுக்க அவர் கைவேலை. சூடேறி ஆறும்போது அந்தத் தையலில்தான் விரிசல் விழும். அவர் விரிசலைக் காதால் கண்டுபிடிப்பார். சின்னச் சுத்தியலால் ஒரு விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தையல் நெடுகத் தட்டிக்கொண்டே போவார், தலை சாய்ந்திருக்கும், ஓர் இடத்தில் நிற்பார். “இங்கன தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி” என்பார். சாயம் பூசிப் பார்த்தால் அதே இடத்தில் சிவப்புக் கோடு தெரியும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் காட்டிய இருபத்திரண்டு இடங்களில் இருபத்தொன்றைச் சாயம் ஒப்புக்கொண்டது. இருபத்திரண்டாவதைச் சாயம் காட்டவில்லை. எஞ்சின் சூடேறியதும் அங்கேதான் முதலில் வெடித்தது. மற்ற வெல்டர்களைவிட ஹாஜியார் அவருக்கு உயர்வாகக் கொடுத்தது அந்தக் காதுக்காகத்தான். அவருக்கும் அது தெரியும். குளித்து வந்ததும் துண்டின் முனையைத் திரித்து, அவசரமே இல்லாமல், இரண்டு காதுகளையும் துடைத்துக்கொள்வார்.

டோக்கன் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் வெட்டிய பித்தளை டோக்கன் நான்கு. முப்பத்தொரு பேருக்கு நூற்று இருபத்து நான்கு. ஸ்டோர் ஜன்னலில் ஒரு டோக்கனைக் கொடுத்தால் ஒரு கருவியைக் கொடுப்பேன். கருவி இருந்த ஆணியில் டோக்கனை மாட்டுவேன். மாலையில் கருவி ஆணிக்குத் திரும்பும், டோக்கன் ஆளுக்குத் திரும்பும். இது வெறும் சடங்கல்ல. நாங்கள் செய்த இரண்டாவது லாரியில் யாரோ எஞ்சின் வாய்க்குள் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டார்கள். ஓட்டிய மறுநொடி உள்ளே சுழலும் தகடுகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அதன் பிறகு ஹாஜியார் எனக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். ஊருக்குப் போகிற எவனும், லீவானாலும் ஒரேயடியாகப் போவதானாலும், தன் டோக்கன் நான்கையும் என்னிடம் ஒப்படைத்து, தாளில் என் கையெழுத்தை வாங்காமல் போக முடியாது. அந்தத் தாளில் ஏழு கட்டங்கள். ஆறாவது என்னுடையது. அந்த ஆறாவது கட்டத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இயர்மஃப் கதையும் இதோடு சேர்ந்தது. எஞ்சின் ஓட்டும்போது இரண்டு காதுகளையும் மூடிக்கொள்ளும் அந்தக் கிண்ணங்கள் தொழிலாளர்களுக்கென்று எட்டு ஆணிகளில் எட்டு இருந்தன. விசிட்டர்களுக்கென்று பன்னிரண்டு, ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், ஓர் அட்டைப் பெட்டிக்குள். ஒருமுறை ஒரு விசிட்டருக்கு நீட்டிய இயர்மஃபில் யாரோ தொழிலாளியின் வியர்வையும் கிரீஸும் ஒட்டியிருந்தன. அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். ஹாஜியார் அன்று எல்லோர் முன்னாலும் என்னிடம், “படிச்சவங்கன்னுதானே உங்கள்ட்ட ஸ்டோரக் குடுத்தேன்?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்று முதல் அந்தப் பெட்டி விசிட்டர் வராமல் திறக்கப்படுவதில்லை என்று நான் விதி செய்தேன்.

ஆறாவது லாரியைப் பார்க்க மலைநாடு ஒன்றின் விமான நிலையத்திலிருந்து மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் குளிர்காலம் தொடங்குவதற்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். ஆகவே சோதனை எங்கள் கோடையில். மீன் சந்தைக்கு ஐஸ் கொடுக்கும் ஃபாக்டரியிலிருந்து நாற்பது பார் ஐஸ் வந்திறங்கியது. அதை உடைத்துக் கான்கிரீட் தரையில் பரப்பி, மேலே எஞ்சின் காற்றை விட்டுக் காட்டுவது திட்டம். மூக்கின் தையலைப் பக்கத்தில் நின்று கவனிக்க வெல்டர் வேண்டும். விரிசல் சிவந்து தெரிந்தால் அவர் கையைக் குறுக்கே வீசுவார். எஞ்சினை அணைக்க வேண்டும். அவர் நிற்க வேண்டிய இடத்தைப் போர்மேன் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார். மூக்கிலிருந்து ஆறடி. புதுக்கோட்டைக்காரரான அந்தப் போர்மேன் கெட்டவர் இல்லை. ஆறடிக்கு அப்பால் நின்றால் தையல் தெரியாது.

அன்று காலை வெல்டர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தபோது எட்டு ஆணிகளில் ஏழு காலி. ஐஸ் பரப்பும் நால்வர், எஞ்சின் ஓட்டும் இருவர், போர்மேன். மிஞ்சியிருந்த எட்டாவதை ஒரு டோக்கனுக்கு வாங்கிப் போனவர், உடனே அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“அண்ணாச்சி, இது கம்பி ஒடிஞ்சது. தலையில நிக்க மாட்டேங்குது. பெட்டியில இருந்து ஒண்ணு எடுங்க.”

“அது விசிட்டருக்குள்ளதுல்லா.”

“வர்றவுக நாலு பேருன்னு போர்மேன் சொன்னாரு. பன்னெண்டு வச்சிருக்கீகள்ல?”

“பன்னெண்டு இருந்தா பன்னெண்டும் விசிட்டருக்குத்தான்.”

அவர் சிரித்தார். “மிச்சம் எட்டுக்கும் விசா எடுத்து ஆளு கூப்பிடப் போறீகளா?” என்று கேட்டுவிட்டுத் தன் டோக்கன் ஒன்றை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தார். “இந்தா டோக்கன் வச்சாச்சு. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவி, தொடச்சு, ஒங்க கையில குடுக்கேன். சத்தியமா.”

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே போர்மேன், “வெல்டர்! யல்லா, யல்லா, விசிட்டர் வண்டி வந்திருச்சு!” என்று கத்தினார். வெல்டர் ஓடினார். டோக்கன் கவுன்டரிலேயே கிடந்தது. கவுன்டரில் எதுவும் அனாதையாகக் கிடக்க என்னால் பார்க்க முடியாது. அந்த டோக்கன் இயர்மஃபுக்காக வந்தது. ஆகவே அதன் இடம் இயர்மஃப் பெட்டிதான் என்று என் கை முடிவு செய்தது. விசிட்டர்களுக்காகப் பெட்டியைத் திறந்து நான்கு உறைகளை எடுத்த அதே நேரத்தில் டோக்கனை உள்ளே போட்டிருக்கிறேன். பெட்டியை மூடி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். கை செய்தது, மனம் குறித்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டோருக்கு ஏசி உண்டு. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. அதை மூடிக்கொண்டு பார்த்தேன். வெல்டர் ஒடிந்த இயர்மஃபின் இரண்டு கிண்ணங்களையும் காதில் வைத்துத் தலையைச் சுற்றித் துண்டால் கட்டியிருந்தார். போர்மேன் ஓடிவந்து துண்டை அவிழ்க்கச் சொன்னார். காற்றில் துண்டு பறந்து எஞ்சின் வாய்க்குள் போய்விட்டால் எஞ்சின் போச்சு. அது நான் எழுதி மாட்டிய விதிதான். அவர் துண்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கை துடைக்கும் பஞ்சுநூல் கழிவைக் கிள்ளி உருட்டி இரண்டு காதிலும் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றார்.

முதல் ஓட்டம் ஒன்பது நிமிடம். எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் பரப்பிய ஐஸ் பாதிக்கு மேல் வெயிலிலேயே கரைந்து ஓடிவிட்டது. வந்தவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை ஹிந்தியில் சொன்னார்: இயந்திரம் வேண்டாம், உங்கள் வெயிலை அனுப்பிவையுங்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரின் முகம் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் ஓட்டம் பதின்மூன்று நிமிடம், ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருந்து கடைசி நொடியில் உருவினார்கள், அதுவும் போதவில்லை. மூன்றாம் ஓட்டத்தில் எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு, ஆட்கள் ஓடி ஓடி ஐஸைக் கொட்டக் கொட்ட அது உருக்கித் தள்ளியது. இருபத்தைந்து நிமிடம். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம்; மண்ணெண்ணெய் கொடுத்த பதிவேட்டில் நான் எழுதிய எண். நாற்பத்தேழு நிமிடமும் வெல்டர் அந்தக் கோட்டில் நின்றார். கண்ணாடிக்கு இப்பால் எனக்கு அது தூரத்தில் மாவரைக்கும் மெஷின் ஓடுவதுபோல் இருந்தது. இரண்டாம் ஓட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், பெட்டியில் எட்டு மிச்சமிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அதை மறைக்கப் போவதில்லை. உறையைப் பிரித்துவிட்டால் திரும்பப் புதிது ஆகாதே என்றும் உடனே தோன்றியது. நான் எழுந்திருக்கவில்லை.

வண்டி விலைபோயிற்று. எல்லோருக்கும் வெளியிலிருந்து பிரியாணி வந்தது. மெஸ்ஸில் வெல்டர் என் எதிரில் உட்கார்ந்து, சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டே, “காதுக்குள்ள ஐஸ் பாக்டரி ஓடுது அண்ணாச்சி” என்றார். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். கிரேன்காரர், “அப்ப நாளைக்கு ஐஸ் வாங்கக் காசு மிச்சம்டா” என்றார். நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து ஒரு நொடி தாமதித்து அவரும் சிரித்தார்.

மறுநாள் அவர் தையலைத் தட்டுவதைப் பார்த்தேன். தட்டினார், தலையைச் சாய்த்தார், மறுபடி தட்டினார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு ஒரு வெல்டிங் கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைத் தையலில் அழுத்தி வைத்துத் தட்டிப் பார்த்தார். அந்தக் காட்சி எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் டாக்டர் காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள், பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவர் முதுகுக்கு ஒரு சாணில் நின்றது. அவர் திரும்பவே இல்லை. போர்மேன் விஷயத்தை ஹாஜியாரிடம் கொண்டு போனார். ஹாஜியார் அவரை அழைத்து, ஒரு தாளில் கைப்பட எழுதிக் காட்டினார்: ஊருக்குப் போ, மதுரையில் நல்ல காது டாக்டரைப் பார், நாள் கடத்தாதே. இரண்டு நாளில் டிக்கெட் போட்டாயிற்று. ஹாஜியார் மறுநாள் காலை சாமான் வாங்கச் சீனா போய்விட்டார்.

வெல்டர் ஏழு கட்டத் தாளோடு என் ஜன்னலுக்கு வந்தார். ஐந்து கையெழுத்து வாங்கியிருந்தார். மூன்று டோக்கன் வைத்தார். நான் நான்கு விரலைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. ‘நான்காவது டோக்கன் எங்கே?’ என்று தாளில் எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டு, தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாமல், பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“ஒங்ககிட்டதான் அண்ணாச்சி இருக்கு! அன்னைக்குக் கவுன்டர்ல வச்சேன்ல!”

வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். “அடேய், அண்ணாச்சியே அமுக்கிட்டாராம்டா!” என்றார் கிரேன்காரர். சிரிப்பு கிளம்பிற்று. என்னை, கணக்கில் ஒரு வாஷர் பிசகாத என்னை, ஒரு வெல்டர் பொது இடத்தில் திருடன் என்கிறான் என்றுதான் அப்போது என் புத்திக்குப் பட்டது. கவுன்டரை அவர் கண் முன்னாலேயே கையால் தடவிக் காட்டினேன். ‘இங்கே இல்லை. தேடிக் கொண்டு வா’ என்று எழுதினேன். தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

மாலையில் போர்மேன் வந்தார். “சார், டூல் எல்லாம் இருக்குல்ல?” என்றார். இருக்கிறது என்றேன். உண்மையில் எல்லா ஆணியும் நிறைந்திருந்தது. “பெறகு என்ன சார்? ஒரு பித்தள வில்ல. புதுசா ஒண்ணு பதினேழுன்னு அடிச்சு மாட்டிருவோம். அந்தாளுக்குக் காது போய்க்கிட்டு இருக்கு.”

“புதுசு அடிச்ச பிறகு பழசு கிடைச்சா, அவனுக்கு அஞ்சு ஆயிருமே” என்றேன்.

டோக்கன் எஞ்சினுக்குள் போயிருந்தால் என்ன செய்வது, வண்டி கப்பல் ஏறப் போகிறதே என்றும் சேர்த்துக்கொண்டேன். அது நியாயமான கேள்விதான். அவர் மறுநாள் முழுக்கச் செலவழித்து, சின்னக் கேமரா பொருத்திய குழாயை எஞ்சினுக்குள் விட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். ஒன்றுமில்லை. அதன் பிறகாவது நான் கையெழுத்துப் போட்டிருக்கலாம். நூற்று இருபத்து மூன்று என்ற எண்ணுக்குக் கீழே என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவருடைய விமானம் அவரில்லாமல் போயிற்று.

பதினோரு நாள். வெல்டர் பழைய இரும்புக் குவியலைப் புரட்டினார்; தண்ணீர் ஓடும் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார்; ஐஸ் பரப்பிய இடத்தில் குனிந்து நடந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் ஒருமுறை ஜன்னலுக்கு வந்து, என் பின்னால் இருந்த தட்டுகளைக் கண்ணால் தேடுவார். உள்ளே வர யாருக்கும் அனுமதி இல்லை. கேம்ப்பில் அவர் ஒரு விளையாட்டுப் பொருளாகியிருந்தார். முதுகுக்குப் பின்னால் இரும்புக் குழாயைக் கீழே போட்டுத் திரும்புகிறாரா என்று பந்தயம் கட்டினார்கள். ஒரு நாள் மெஸ்ஸில் மேசை முழுக்கப் பேசிவைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். முந்தின நாள் இடது காதில் கொஞ்சம் கேட்கிறது என்று அவர் சொல்லியிருந்தாராம். இப்போது எல்லா வாயும் அசைந்து ஒன்றுமே கேட்காதபோது, கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு காதையும் உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். மேசையே சிரிப்பில் குலுங்கியது. நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

போன் பேச முடியாததால், மனைவியை அழைத்துக் கிரேன்காரர் கையில் கொடுப்பார். இருவரும் ஒரே அறை. கிரேன்காரர் கேட்டுவிட்டு விரலை உயர்த்தி எல்லாம் நலம் என்று காட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை கிரேன்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு தாளில், ‘செவிட்டு ஆளு வேணாமாம், அங்கயே இருக்கச் சொல்றாங்க’ என்று எழுதிக் காட்டினார். வெல்டர் அதை இரண்டு முறை படித்தார் என்கிறார்கள். பிறகு அறையே வெடித்துச் சிரித்து, முதுகில் தட்டி, சும்மா சொன்னோம் என்று சைகை காட்டிற்று. அவரும் சிரித்தார். அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் கண்டிக்கவில்லை. அவர்களை அவ்வாறு விளையாட வைத்த பதினோரு நாளையும் கொடுத்தவன் நான்.

பதினோராம் நாள் ஹாஜியார் திரும்பி வந்தார். வெல்டர் இன்னும் முற்றத்தில் நடமாடுவதைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டோருக்கு வந்தார். “எத்தன டோக்கன்?” என்றார். “ஒண்ணு” என்றேன். வேறு எதுவும் கேட்காமல் தாளை வாங்கி, ஆறாவது கட்டத்தில், என் கட்டத்தில், தன் கையெழுத்தைப் போட்டார். அன்று மாலை வெல்டர் பெட்டியோடு ஜன்னலுக்கு வந்தார். என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “வர்றேன் அண்ணாச்சி!” என்று கத்தினார். வேனில் ஏறப் போனவர் திரும்பி வந்து, இன்னும் பலமாக, “ஒங்ககிட்டதான் இருக்கு, நல்லாப் பாருங்க!” என்றார். என் கட்டத்தில் வேறு ஆள் கையெழுத்துப் போட்ட ஆத்திரத்தில் நான் கண்ணாடியை இழுத்து மூடினேன்.

பதினான்கு மாதம் கழித்து அடுத்த விசிட்டர்கள் வந்தார்கள். மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். எட்டாவது உறைக்கு அடியில் டோக்கன் கிடந்தது. பதினேழு. இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்: அதைக் கண்டதும் என் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. நூற்று இருபத்து நான்கு. கணக்கு சரி. அந்த நிம்மதியோடு வெளியே போய் நான்கு விசிட்டர்களுக்கும் இயர்மஃப் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் வெல்டர் அன்று கத்தியது என் காதில் விழுந்தது.

மூன்று நாள் தயங்கி, பழைய லீவு தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மனைவி எடுத்தார். கம்பெனி ஸ்டோரிலிருந்து என்றேன்.

“அவுகளுக்குப் போனு கேக்காதுங்கய்யா. சுத்தமாக் கேக்காது” என்றார். “மதுரையில காட்டுனோம். ஒரு வாரம் முந்தி வந்திருந்தா ஊசி போட்டுக் கொஞ்சம் மீட்டுருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. இப்ப கல்லு ஒடைக்கிற மெஷின்ல வேலைக்குப் போறாக. அந்தச் சத்தத்துல மத்தவுக நிக்க மாட்டாகளாம். இவுகளுக்குத்தான் ஒண்ணும் இல்லியே.”

“அம்மா, அந்த டோக்கன்...” என்று தொடங்கினேன்.

“ஐயோ, அத நாங்க எடுக்கலைங்கய்யா!” அவர் குரல் உடனே மாறிவிட்டது. “பெட்டியக் கவுத்துத் தேடியாச்சு. வந்த அன்னைக்கே துணிமணி மடிப்பெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டோம். பிள்ளைக்கு வாங்கியாந்த பொம்மையக்கூடப் பிரிச்சுப் பாத்தாக. இன்னமும் அப்பப்போ தேடிக்கிட்டுத்தான் இருக்காக. கெடச்சா யாருகிட்டயாவது குடுத்துவிட்ருறோம்யா. அவுக மேல ஒண்ணும் எழுதிறாதீக.”

டோக்கன் அப்போது என் இடது கையில் இருந்தது. வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிடைத்துவிட்டது என்று சொல்ல ஒரு சொல் போதும். அடுத்தது எங்கே கிடைத்தது என்று கேட்பார். “சரிம்மா, பரவாயில்ல” என்றேன். மன்னித்துவிட்டதுபோல் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு அழைக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் புதிய ஸ்டோர் கீப்பரிடம் நூற்று இருபத்து மூன்று டோக்கன்களை எண்ணிக் கொடுத்தேன். பதிவேட்டில், ‘எண் 17, ஒன்று, தொழிலாளியால் தொலைக்கப்பட்டது’ என்று முன்பு நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதை அடிக்கவில்லை, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். டோக்கன் என் சட்டைப் பையில் இருந்தது.

போன மாதம் மகன் என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். வயதானவன், சோதித்துவிடலாம் என்று. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே அழுத்தினேன், முப்பத்தெட்டு. ஒன்றுகூட விடவில்லை என்று அந்தப் பெண் வியந்தாள். உங்கள் வயதில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை, வேலை செய்த இடம் ரொம்ப அமைதியான இடமோ என்று கேட்டாள். மகன் பெருமையோடு, அப்பா ஜெட் எஞ்சின் பட்டறையில் இருந்தவர் என்றான். அவள் நம்பவில்லை.

இதோ இருபத்தேழாவது எழும்புகிறது. ஜன்னல் அதிர்கிறது. இப்போது மேசைக் கண்ணாடி. ஒரு விரலை வைத்து அழுத்தினால் பித்தளை அடங்கிவிடும். சில நாள் அழுத்திப் பார்த்திருக்கிறேன். அப்போது விரலுக்குள் அதிர்கிறது. கையை எடுத்துவிட்டேன். கேட்கிறது.